எச்.டி. பாக்ஸ் வந்தும் படம் மங்கலா? சப்டைட்டில் வரவில்லையா?

எச்.டி. பாக்ஸ் மாட்டிய பல வீடுகளில் இன்றும் ஓடுவது பழைய படம்தான். மாதச் சந்தாவில் எச்.டி. பேக் ஏறியிருக்கும். பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே மட்டும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த அதே ஏ.வி. ஒயர் கிடக்கும். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு; படம் முழுக்க அந்த ஒற்றை மஞ்சள் முனை வழியாகப் போக வேண்டும். அதில் 576 கோடுகளுக்கு மேல் ஏறாது. சேனல் 1920×1080 புள்ளிகளில் அனுப்பினாலும், பாக்ஸ் அதைச் சுருக்கித்தான் அந்த ஒயரில் விடும். எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டு, டிவி ரிமோட்டில் சோர்ஸை எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுங்கள். 1080 படத்துக்குச் சாதாரண கேபிளே போதும், தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை கொடுப்பது வீண்.

கேபிள் மாற்றியும் தெளிவு வராவிட்டால் பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட் எதில் நிற்கிறது என்று பாருங்கள். சில பாக்ஸ்கள் 576-இலேயே நிற்கும். '1080i' என்று மாற்றிச் சேமிக்க வேண்டும்.

டிவியின் அளவையும் உட்காரும் தூரத்தையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. திரையின் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் என்பது எச்.டி.க்கான பொதுக் கணக்கு. 32 இஞ்ச் டிவிக்கு அது சுமார் 4 அடி, 43 இஞ்சுக்கு 5¼ அடி, 55 இஞ்சுக்கு 7 அடி. 32 இஞ்ச் டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் எச்.டி. பேக் போடுவது, எங்கள் கருத்தில், தண்டச் செலவு.

ஒரே சேனலுக்கு இரண்டு முறை பணம் கட்டும் தவறும் உண்டு. எஸ்.டி.யும் (சாதாரணத் தெளிவு) எச்.டி.யும் வெவ்வேறு எண்ணில், வெவ்வேறு விலையில் வரும் தனித்தனிச் சேனல்கள். எச்.டி.யைச் சேர்க்கும்போது எஸ்.டி. தானாக நீங்காது. பட்டியலை வாங்கிப் பார்த்து, வேண்டாததை எடுக்கச் சொல்லுங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மாதச் சந்தா இல்லை. ஆனால் பழைய எம்பெக்-2 பாக்ஸில் எம்பெக்-4 என்ற புதிய சுருக்க முறையில் வரும் சேனல்கள் திறக்காது, எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும்.

டிஷ், தென்னை, உப்புக்காற்று

டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குத் தட்டு பார்க்க வேண்டியது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோளை. குமரி மாவட்டத்திலிருந்து அது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, தரையிலிருந்து சுமார் 69 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது. தட்டின் முகம் காட்டும் திசையை வைத்து மறைப்பைத் தேடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. நம் வீடுகளில் இருப்பது ஆஃப்செட் டிஷ். அதன் பார்வை தட்டின் முகத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயர்ந்து போகும். எதிரே தூரத்தில் நிற்கும் தென்னை சும்மா பழி சுமக்கும். டிஷ்ஷுக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தின் ஓலைதான் குறுக்கே வந்திருக்கும். டிஷ்ஷைவிட 30 அடி உயர்ந்த மரம் அந்தத் திசையில் சுமார் 12 அடிக்குள் நின்றால் மறைக்கும். ஓலை நீண்டு வருவதையும் கணக்கில் வைத்தால் 25 அடி வரை சந்தேகப்படலாம். அதற்கப்பால் இருக்கும் மரத்தை விட்டுவிடுங்கள், காய்க்கிற மரம். காற்றில் ஓலை ஆடும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் காரணம் ஓலைதான். டிஷ்ஷை மாடியின் வேறு மூலைக்கு நகர்த்தினால் போதும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக்காற்றில் டிஷ் அரை டிகிரி நகர்ந்தாலும் சிக்னல் இறங்கும். திருப்பும்போது பாக்ஸ் மெனுவில் தெரியும் 'ஸ்ட்ரென்த்' கோட்டை நம்பி நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'குவாலிட்டி' கோடு. அது உச்சத்துக்கு வந்ததும் நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டால் டிஷ் திரும்பிவிடும். மழையில் எஸ்.டி. ஓடும்போதே எச்.டி. சேனல் நின்றால் பாக்ஸ் கெட்டது என்று பொருளல்ல. எச்.டி.க்குப் பொதுவாகப் பயன்படும் ஒளிபரப்பு முறைக்கு நல்ல சிக்னல் தேவை, அதனால் அது முதலில் விழும். வெயிலடிக்கும்போதும் அப்படியானால்தான் டிஷ்ஷைத் தொட வேண்டும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பது, தட்டின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யில் மாட்டும் எஃப் கனெக்டர் (கேபிளின் முனை). சுற்றி நீர் புகாத டேப் ஒட்டி, கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொங்கலாக வளையவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டர் மாற்றுமுன் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கேபிளில் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கும், வலைக்கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

லோக்கல் கேபிள் இணைப்பில் இதெல்லாம் இல்லை. அங்கே குற்றவாளி பெரும்பாலும் ஸ்பிளிட்டர். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு முனைக்கும் பாதிக்கும் குறைவான சிக்னலே கிடைக்கும்.

சப்டைட்டில்

எச்.டி. வந்தால் சப்டைட்டிலும் வரும் என்பது தவறான எண்ணம். எச்.டி. என்பது படத்தின் கூர்மை; சப்டைட்டில் என்பது சேனல் நடத்துபவர் தனியே சேர்க்கும் எழுத்து. கேபிள்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவரால் அதைச் சேர்க்க முடியாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மாமனார் மலையாளச் சேனல் பார்ப்பார், நாஞ்சில்நாட்டிலிருந்து வந்த மருமகளுக்கு எழுத்து வேண்டும். அப்படிப்பட்ட வீடுகள் பேக் போடுமுன் அந்தச் சேனலின் அந்த நிகழ்ச்சியில் எழுத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்.டி.யில் இருப்பது எச்.டி.யில் இருக்கும் என்பதற்கும், எச்.டி.யில் இருப்பது எஸ்.டி.யில் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

படத்தோடு ஒட்டிவரும் எழுத்துக்குப் பொத்தான் கிடையாது. தனி ஓடையாக வருவதைப் பாக்ஸ்தான் பிரித்துக் காட்டும், எச்.டி.எம்.ஐ. வழியே டிவிக்குப் போவது பாக்ஸ் சேர்த்து முடித்த படம் மட்டுமே. டிவி ரிமோட்டின் சப்டைட்டில் பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் நடக்காததன் காரணம் அதுதான். பாக்ஸின் ரிமோட்டில் அந்தப் பொத்தானையோ, மெனுவில் மொழி அமைப்பையோ தேடுங்கள்.

எழுத்தின் கீழ்வரி பாதி வெட்டுப்பட்டால் டிவியில் 'ஜூம்' போட்டிருக்கும், அல்லது ஓரங்களை விழுங்கும் அமைப்பு இயங்கும். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றினால் முழுவதும் தெரியும். பழைய 4:3 படத்தின் இருபுறமும் வரும் கறுப்புப் பட்டையைப் போக்க இழுத்து விரிப்பதும் தேவையில்லாத வேலை, முகங்கள்தான் பருக்கும்.

பென் டிரைவில் தமிழ் சப்டைட்டில் கோப்பு போடுபவர்கள் படத்தின் பெயரையே கோப்புக்கும் வைத்து, யு.டி.எஃப்.-8 (UTF-8) குறியீட்டில் சேமிக்க வேண்டும். அப்படியும் வெறும் கட்டங்கள் வந்தால் அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. லேப்டாப்பில் ஓட்டி எச்.டி.எம்.ஐ.யில் இணைத்துவிடலாம்.

காது கேளாதவர்களுக்காக எழுத்து வேண்டும் என்றால் அது சலுகை கேட்பது அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு மின்னணு ஊடகத்தில் சப்டைட்டில், சைகைமொழி, ஒலி விளக்கம் ஆகியவற்றுக்கு வழிசெய்யச் சொல்கிறது; அதையொட்டித் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-இல் தொலைக்காட்சிகளுக்கான நெறிமுறைகளையும் வெளியிட்டது. சேனல் நிறுவனத்துக்கு எழுதும்போது சேனல் எண், எச்.டி.யா எஸ்.டி.யா, நிகழ்ச்சி, தேதி, நேரம் ஐந்தையும் குறிப்பிடுங்கள். 'சப்டைட்டில் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் பாக்ஸை அணைத்துப் போடச் சொல்லித்தான் பதில் வரும்.