அழும் மகனிடம் பேசுவது எப்படி

கீழே விழுந்தோ, போட்டியில் தோற்றோ, தாத்தாவை இழந்தோ மகன் அழும்போது, "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று அடக்காமல், அழுகை ஓயும் வரை அருகில் அமர்ந்திருங்கள். பிறகு, பயமா, அவமானமா, ஏக்கமா என்று மெல்லக் கேளுங்கள். கோபத்தைத் தவிர வேறெதையும் காட்டக் கூடாது என்று வளர்க்கப்படும் சிறுவன், துக்கத்தையும் கோபமாகவே வெளிப்படுத்தப் பழகிவிடுகிறான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அப்பா தன் வருத்தத்தை அவனிடம் மறைக்காமல் சொல்வது. உறவினர் கேலி செய்தால், அவன் காதுபடவே மறுத்துப் பேசுங்கள். இந்தியாவில் 2022-இல் தற்கொலை செய்துகொண்டவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்துள்ளது. ஆகவே, வாரக்கணக்கில் அவன் பேச்சும் விளையாட்டும் உறக்கமும் குறைந்திருந்தால், தாமதிக்காமல் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.