மழை நாளில் வீட்டு ரிப்பேர்: கை வைக்கக் கூடாத இடங்கள்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் போதும், பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரை ஹார்டுவேர் கடைகளில் ஒரே கேள்விதான்: "ஒழுக்குக்கு ஏதாவது குடுங்கண்ணே." கடைக்காரர் ஒழுக்கை அடைக்கும் பூச்சு ஒரு வாளியை எடுத்து வைப்பார். அன்று சாயங்காலமே அது மாடிக்கு ஏறிவிடும்.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, பாசி பிடித்த தரையில் ஏணி சாய்க்காதே என்பதெல்லாம் குழந்தைக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம். கை நிறையக் கருவி வைத்திருப்பவர்களும் முதல் இரண்டு மழைக்காலத்தில் செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

ஈர மாடியில் பூச்சு அடிப்பது

காலையில் மழை விட்டது. பதினோரு மணிக்குச் சுள்ளென்று வெயில். மாடித் தரையில் பதித்த தட்டோடு வெளுத்துவிட்டது. உடனே ரோலரும் வாளியுமாக மேலே போவது. பணத்தைத் தண்ணீரில் போட இதைவிட நல்ல வழி கிடையாது. காய்ந்த தளத்தில் அடிக்கவும் என்று வாளியிலேயே அச்சடித்திருந்தும் வருடா வருடம் இதே கதை நடப்பதுதான் எரிச்சல்.

வெளுத்தது ஓட்டின் மேல்தோல் மட்டும். நம் ஊர் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதன் மேல் தட்டோடு. ஓட்டு இணைப்புகள் வாய் திறந்திருந்தால் அந்த 3 அங்குலமும் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதன் மேல் அக்ரிலிக் பூச்சு அடிப்பது, கொதிக்கப் போகிற சட்டிக்கு மூடி போடுவது. வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பூச்சை மேலே தள்ளும். முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். கால் பட்டால் உடையும். அடுத்த மழை அந்த ஓட்டை வழியே இறங்கும். மேலே ஆவியாகிப் போக முன்பிருந்த வழியும் இப்போது அடைபட்டதால் அத்தனை நீருக்கும் போக்கிடம் கீழேதான். ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டிருந்த வீடு, பூச்சு அடித்த பிறகு நடுக்கூடத்தில் ஒழுகுவது இப்படித்தான்.

செலவு அதோடு நிற்காது. கொப்புளம் விட்ட பூச்சின் மேல் இன்னொரு கோட் நிற்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். பூச்சு சில இடத்தில் தட்டோட்டை இறுகப் பிடித்திருக்கும், சில இடத்தில் தொங்கும். உரிக்கும்போது ஓடும் சேர்ந்து பெயரும். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் தீபாவளிக்கு ஒரு கோட், கார்த்திகையில் ஒரு கோட், மார்கழியில் மூன்றாவது. மாசியில் கொத்தனார் வந்து மூன்றையும் சேர்த்துத் தோல் உரிப்பது போல் உரித்தார். அடியில் சுருக்கி அப்போதும் ஈரம். அடித்த கூலியை விட உரித்த கூலி அதிகம்.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஷீட்டின் அடியில் வேர்த்திருந்தாலோ ஓடு கருத்திருந்தாலோ பூச்சுக்கு நேரம் வரவில்லை. மாடியின் நடுவில், மழைநீர்க் குழாய் வாயருகே, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் என மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும். பொங்கல் கழிந்தும் தேறாத மாடிகள் உண்டு. மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு மாதம்.

அப்போது செய்யும் வரிசை இது: விரிசலை உளியால் 'வி' வடிவில் அரை அங்குலம் வெட்டி, தூசி கழுவி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைப்பது. தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் 2 அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை பூசுவது. அதிகம் ஒழுகுவது அந்த மூலைதான். கலவை இறுகிக் காய்ந்ததும், தண்ணீர் கலந்து நீர்த்த முதல் கோட். மூலையிலும் விரிசல் மேலும் ஃபைபர் மெஷ். பிறகு இரண்டு கோட், ஒன்று கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது வடக்கு தெற்காக, முந்தையது நன்றாகக் காய்ந்த பின். எல்லாம் இறுகிய பிறகு குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தேங்கும் மாடியில் எந்தப் பூச்சும் நாள் பிடிக்காது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வேண்டும். வாட்டம் சரியில்லையென்றால் முதலில் கொத்தனார், அப்புறம் வாளி.

சரி, மழை நாளில் மாடியில் என்னதான் செய்வது? தேடலாம். கொட்டும் மழையில்தான் ஒழுக்கு உண்மையைச் சொல்லும். கீழே சொட்டும் இடத்தில் கிரேயானால் வட்டம் போட்டு, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் சொட்டியது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பத்து நிமிடத்தில் சொட்டினால் நேரடி விரிசலோ குழாய் இணைப்போ. ஒரு நாள் கழித்துச் சொட்டினால் ஊறிய சுருக்கி. மழையே இல்லாத வாரத்திலும் சொட்டினால் மாடியை விட்டுவிட்டு மேல்தொட்டியையும் பைப்பையும் பாருங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நீர் தளத்துக்குள் சில அடி நடந்துதான் இறங்கும்.

கையோடு குழாய் வாயில் இருக்கும் வேப்பிலையையும் பால் கவரையும் எடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் மழை என்றால் 2,360 லிட்டர். வாய் அடைத்தால் அந்த இரண்டேகால் டன்னுக்கு மேல் எடை தளத்தின் மேல் உட்காரும்.

உள்ளே இருந்து ஒழுக்கை அடைப்பது

சீலிங்கில் பட்டி இழுத்து பெயிண்ட் அடித்தால் கறை மறையும், தண்ணீர் மறையாது. கான்கிரீட்டுக்குள் தங்கும் ஈரம் கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருத்து, சீலிங்கின் சிமென்ட் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் உப்புக் காற்றும் சேர்வதால் இது வேகமாக நடக்கும். மழைக்காலத்தில் சீலிங்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்து, 'டொப்' என்று சத்தம் வரும் பூச்சைக் கீழே யாரும் இல்லாதபோது தட்டி இறக்குவது.

பழைய மெட்ராஸ் டெரஸ் மேல் சிமென்ட்

தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது. அது கொஞ்சம் அசையும், மூச்சு விடும். அதன் மேல் போடும் சிமென்ட் அசையாமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியே வராமல் கட்டையின் நுனிக்குப் போகும். கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்; எளிதாக இறங்கினால் பூச்சைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

மாடித் தண்ணீரைக் கழிவுநீர்த் தொட்டியில் விடுவது

கூடாது. அடுத்த மணி நேரத்தில் அது கக்கூஸ் வழியாகத் திரும்பி வரும்.

டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயர் போடுவது

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. மழையில் அது டிரிப் ஆனால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல, வேலை செய்கிறது என்று பொருள். ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சிறு சுவிட்சான எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பெரும்பாலும் கேட் விளக்கு, காலிங் பெல், மோட்டார் ஸ்டார்டர் இந்த மூன்றில் ஒன்று. எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் நியூட்ரலில் கசிவு இருக்கலாம். சாதாரண ஒற்றை எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காது. அங்கே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வெள்ளம் வடியும் முன் சம்ப்பைக் காலி செய்வது

வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தாழ்வான இடங்களில் தெருத் தண்ணீர் சம்ப்புக்குள், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள், புகுந்ததும் மோட்டார் போட்டு முழுக்க இறைத்துவிடுவார்கள். சுற்றிலும் மண் ஊறி நிற்கும்போது காலித் தொட்டியை வெளித் தண்ணீர் நெரிக்கும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்து எழும். கட்டிய தொட்டி என்றால் அடித்தளத்தில் விரிசல் விழும். தெருவில் தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று நாள் போகட்டும், அதுவரை கேன் தண்ணீர்.

பிறகு மெயினை நிறுத்தி, மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க மற்றவர் இறங்கிச் சேற்றை அள்ளிச் சுவரைத் தேய்க்க வேண்டும். தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து அதை வெளியேற்றி இரண்டு முறை அலசலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் வந்தது. எண்ணெய் பட்ட சுவரில் பிளீச்சிங்குக்கு வேலையில்லை. முதலில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து எண்ணெயை எடுக்க வேண்டும்.

ஜன்னல் கம்பிக்கு பெயிண்ட்

இன்று தேய்த்த கம்பி கடல் காற்றில் நாளை காலையே சிவக்கும். தை வரை தொடாதீர்கள்.

இறுகிய கதவை இழைப்பது

மழையில் மரம் உப்பிக் கதவு நிலையில் உரசும். இழைப்புளியை எடுத்தால் சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி கிடைக்கும், கொசு வரும், தாழ்ப்பாள் எட்டாது. முதலில் கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி கதவுகளில் கோளாறு அதுதான். துளை பெருத்திருந்தால் தீக்குச்சியில் ஃபெவிகால் தடவி உள்ளே திணித்து, மறுநாள் ஸ்க்ரூவை முடுக்குங்கள். அதற்கும் உரசினால் உரசும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, எந்த இடம் என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். பங்குனியிலும் அதே இடத்தில் உரசினால் அப்போது இழைத்துக்கொள்ளலாம்.