குன்னூரிலிருந்து கென்யாவின் ஒரு சிறு இல்லத்துக்குப் பணம் அனுப்ப

முதலில் அந்த ஸ்வெட்டரைக் கீழே வையுங்கள். ஆப்பிரிக்காவில் ஓர் அனாதை இல்லத்துக்கு உதவுகிறோம் என்று நான் வாய் திறந்தாலே, குன்னூரில் பாதிப் பேர் அலமாரியிலிருந்து பழைய கம்பளி உடுப்புகளை எடுத்துவந்துவிடுகிறார்கள். மீதிப் பேர், "அங்கே வெயில்தானே சார், பருத்திச் சட்டை தரட்டுமா?" என்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கழித்த துணி 'மிதும்பா' என்ற பெயரில் கென்யச் சந்தைகளில் மலையாகக் குவிகிறது. நைரோபியின் கிகோம்பா சந்தை அதற்கே பேர்போனது. நாம் பார்சலுக்கும் சுங்கத்துக்கும் அழும் காசில் அங்கேயே நல்ல உடுப்பு வாங்கிவிடலாம். பணமாக அனுப்புங்கள். யாருக்கு, எப்படி, எந்த மாதத்தில் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ரசீது இல்லாத செலவைக் கண்டால் எனக்கு இன்றும் தூக்கம் வராது. நாங்கள் உதவும் இல்லம் மேற்குக் கென்யாவில், ககமேகா பக்கம் இருக்கிறது. வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் நட்பு நாடுகளின் அதிகாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு கென்யத் தம்பதி மூலம் இந்த இல்லம் அறிமுகமாயிற்று. அவர்கள் தங்கமான மனிதர்கள். ஆனால் தங்கமான மனிதர் சொன்னார் என்பது கணக்கில் ஒரு சான்று ஆகாது. அதனால் முதலில் கேள்விகளை எழுதி அனுப்பினோம்.

நீங்களும் இதையெல்லாம் கேளுங்கள். இல்லம் அந்நாட்டின் குழந்தைகள் சேவைக்கான தேசிய மன்றத்தில் பதிவாகியிருக்கிறதா? எந்த ஆண்டில்? கென்யா 2017இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்திவைத்தது. ஆகவே 'போன வருடம்தான் தொடங்கினோம், பதிவும் ஆகிவிட்டது' என்று ஒருவர் எழுதினால் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படியுங்கள். அடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் அங்கே எப்படி வந்தது? நீதிமன்ற ஆணை இருக்கிறதா, அந்த வட்டாரத்துக் குழந்தைகள் அலுவலருக்குத் தெரியுமா? வங்கிக் கணக்கு இல்லத்தின் பெயரில் இருக்கிறதா, நிர்வாகியின் சொந்தப் பெயரிலா? காசோலையில் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும்?

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதும் கேள்வி வேறு: சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் உறவினர் வீட்டுக்குத் திரும்பினார்கள்? உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இலேயே சொன்னது. வறுமையால்தான் பலர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். வெளிநாட்டுப் பணம் தலைக்கு இவ்வளவு என்று வரத் தொடங்கினால், பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் இல்லங்களும் முளைக்கும். 'எங்களிடம் வந்த பிள்ளை திரும்பிப் போனதே இல்லை' என்று ஓர் இல்லம் பெருமையாகப் பதில் எழுதினால் அதோடு விலகிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில், பாட்டியிடமும் சித்தியிடமும் போய்ச் சேர்ந்த பிள்ளைகளின் விவரமும், ஒரு பிள்ளை ஒத்துவராமல் மீண்டும் இல்லத்துக்கே வந்ததும் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இனி வங்கி. தனிமனிதர் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்புவதற்குத் தடை இல்லை. ரிசர்வ் வங்கி 2004இல் கொண்டுவந்த தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் இப்போது ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நமக்கு அதன் ஓரம்கூடத் தேவைப்படாது. பான் அட்டை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி கேட்கும் ஏ2 படிவம், இல்லத்தின் கடிதம், அதன் வங்கியை உலக அளவில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு, கணக்கு எண், கிளை விவரம் ஆகியவை வேண்டும். ஐரோப்பா போன்ற இடங்களில் வழங்கும் ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் கென்யாவில் கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். நோக்கக் குறியீடு என்ற இடத்தில் எஸ்1303, அதாவது வெளிநாட்டுச் சமய, அறநிறுவனங்களுக்கான நன்கொடை. மலைமேல் உள்ள கிளைகளில் இந்தப் படிவத்தை நாள்தோறும் பார்க்கிறவர்கள் இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் என்னிடம், "சார், அங்கே உங்கள் மகன் படிக்கிறாரா?" என்றுதான் முதலில் கேட்டார். பொறுமையாகச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் போகாதீர்கள்.

செலவில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கே வங்கிக் கமிஷன், ஜிஎஸ்டி. வழியில் இடைநிலை வங்கி ஒன்று தன் பங்கைக் கிள்ளும். அங்கே சேரும் வங்கியும் சும்மா விடாது. கட்டணம் யார் பொறுப்பு என்ற கட்டத்தில் அனுப்புபவரே என்று குறித்தால், முழுத் தொகையும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். சிறு தொகையை மாதாமாதம் அனுப்பினால் கட்டணமே பாதியைத் தின்னும். மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள், ஆண்டுக்கு மூன்று முறை அனுப்புங்கள். கென்யப் பள்ளிகளுக்கு மூன்று பருவங்கள்: ஜனவரி, மே, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். அதற்கு முந்தைய மாதமே பணம் அங்கே இருக்க வேண்டும்.

பலர் சேர்ந்து கொடுக்கும்போது வசூலித்து ஒருவர் கணக்கில் போட்டு அனுப்பலாமா என்று கேட்பார்கள். கூடாது. அனுப்பும் பணம் என்னுடையதே என்று படிவத்தில் உறுதிமொழி கொடுக்கிறோம். பொய்க் கையெழுத்து எதற்கு? அறக்கட்டளை தொடங்கினாலும் பயனில்லை. இந்தத் திட்டம் தனிமனிதருக்கு மட்டும்தான். நாங்கள் ஏலச்சீட்டு போல முறை வைத்துக்கொண்டோம். ஜனவரிப் பருவம் என்னுடையது. மே மாதம் ஜெகதளாவில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பருடையது. பசுந்தேயிலைக்கு விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழிற்சாலையிலிருந்து வரும் மாதப் பணத்தில் ஒரு பிடியை எடுத்து வைத்துவிடுவார். ஆகஸ்ட், கேத்தியில் கேரட் விளைவிக்கும் ஓர் அக்காவுடையது. அவரவர் கணக்கு, அவரவர் பான், அவரவர் கையெழுத்து.

வரி பற்றி இரண்டே வார்த்தை. 80ஜி என்று நாம் பழகிய சலுகை இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தால்தான், இதற்குக் கிடையாது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் மூலத்தில் வரி வசூலும் (டிசிஎஸ், அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) கிடையாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். 2010இன் அந்தச் சட்டம் இந்தியாவுக்குள் வரும் பணத்துக்கானது.

எதற்குக் கொடுப்பது என்பதில்தான் நன்கொடையாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பொருள் வேண்டும்: கட்டில், கணினி, தண்ணீர்த் தொட்டி. சமையற்காரம்மா சம்பளத்துக்கு என்றால் முகம் சுருங்கும். எனக்கு இது புரிந்ததே இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு வேண்டியது நேற்றிருந்த அதே முகம் இன்றும் இருப்பது. சம்பளம் தடைப்பட்டால் அந்த அம்மா வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே எங்கள் ஜனவரிப் பணத்தில் முதல் வரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரு பெண்களின் சம்பளம்.

ஆகஸ்ட் பணம் மக்காச்சோளத்துக்கு. அங்கே அன்றாடச் சாப்பாடு ஊகாலி, மக்காச்சோள மாவில் கிளறிய கெட்டிக் களி. தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்ற கீரை. அறுவடை முடிந்த கையோடு 90 கிலோ மூட்டை மலிவாகக் கிடைக்கும். அதே மூட்டை மே, ஜூனில் விலை ஏறிவிடும். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பைகளில் கட்டிவைத்தால் வண்டு விழாது. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை நஞ்சாகும். 2004இல் கிழக்குக் கென்யாவில் அந்த நஞ்சு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது. எனவே பைகளுக்கும் சேர்த்தே அனுப்புகிறோம்.

மே பணத்தில் ஒரு பகுதி இல்லத்துக்கு வெளியே போகிறது. கென்யாவில் 2003 முதல் ஆரம்பக் கல்வி இலவசம் என்றாலும் சீருடை, புத்தகம், மதிய உணவு என்று செலவு கையைக் கடிக்கும். உயர்நிலை விடுதிப் பள்ளி என்றால் இன்னும் அதிகம். உறவினரிடம் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்தச் செலவை இல்லம் வழியாகவே கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். பாட்டி வீட்டில் கஞ்சியில்லாமல் பிள்ளை மீண்டும் இல்லத்து வாசலுக்கு வரக்கூடாது. 2022இல் தொடங்கிய கென்யாவின் பத்தாண்டுத் திட்டமும் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு நகர்த்துவதுதான். நம் பணமும் பிள்ளையோடு நகரட்டும்.

கணக்கு கேட்க வெட்கப்படாதீர்கள். பருவத்துக்கு ஒரு பக்கம் போதும்: வந்தது, செலவானது, மீதி. உள்ளூரில் சிறு செலவுகளை எம்-பெசா மூலம் செல்பேசியிலேயே செலுத்துவார்கள். அதன் குறுஞ்செய்தியே ரசீது. காணொளியில் பேச வேண்டுமானால், நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். அவர்களுக்கு மாலை ஆறு என்றால் நமக்கு எட்டரை. பிள்ளைகளின் படம் மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர்க் காப்பகப் பிள்ளையின் முகத்தை வெளியிடுவதை 2015இன் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. ககமேகா பிள்ளைக்கு மட்டும் மானம் குறைவா? சமைத்த பாத்திரத்தின் படம், மூட்டைகளின் படம் வந்தால் எனக்குப் போதும். கல்லூரிப் பேரனை ஒரு மாதம் அங்கே 'சேவை'க்கு அனுப்பும் யோசனையும் வேண்டாம். பழகிய கையோடு விட்டுப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

தொடர முடியாத நிலை யாருக்கும் வரலாம். அப்போது ஓசையில்லாமல் நின்றுவிடாமல் ஒரு பருவம் முன்னதாக எழுதித் தெரிவியுங்கள். ஜனவரியில் சொன்னால் மே மாதச் செலவுக்கு வேறு ஆள் தேட அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.