பழைய கார் ஏசி: ஆர்-12இலிருந்து ஆர்-134ஏவுக்கு மாற்றுவது எப்படி?

பழைய மாருதி 800, பத்மினி, கான்டெஸா மாதிரி வண்டியை ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "அந்த கேஸ் இப்போ வர்றதில்ல சார்" என்பார். உண்மைதான். ஓசோன் படலத்தை அரிக்கும் கேஸ்களைக் குறைக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அவற்றில் ஒன்றுதான் பழைய கார் ஏசிகளில் குளிரூட்டும் ஆர்-12. 2010 தொடக்கத்தோடு இந்தியாவிலும் கார் ஏசிக்கான அதன் கதை முடிந்தது. அடுத்து அவர் சொல்வார்: "134 போட்டுடலாம், அரை மணி நேர வேலை." ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸைத்தான் அப்படிச் சொல்கிறார்.

இங்கேதான் உஷாராக வேண்டும். கேஸ் ஏற்றுவதுதான் அரை மணி நேரம். அதற்கு முன்னால் ஒரு நாள் வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் புது கேஸை மட்டும் ஏற்றினால் அதிக நாள் ஓடாது.

காரணம் எண்ணெய். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கு மசகு போடும் எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றி வந்தாக வேண்டும். ஆர்-12 வண்டிகளில் இருப்பது மினரல் ஆயில். அது 134ஏவோடு கலக்காது. வண்டிக்குள் குளிரூட்டும் கூலிங் காயிலிலும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரிலும் போய்த் தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து இறுகிப்போகும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது?

பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்தால் கேஸ் வகையும் எடையும் அதில் இருக்கும். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஸ்டிக்கர் போய்விட்டால் கேஸ் ஏற்றும் வாயைப் பாருங்கள்: மரை போட்டுத் திருகுவது ஆர்-12, அழுத்தினால் கிளிக்கென்று பூட்டிக்கொள்வது 134ஏ.

பழைய கேஸை எடுப்பது

இந்த வயது வண்டியில் பெரும்பாலும் கேஸ் ஏற்கெனவே கசிந்து போயிருக்கும். மீதி இருந்தால் காற்றில் திறந்துவிடாதீர்கள். ரெகவரி மெஷின் உள்ள கடையில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். நெருப்பு பட்டால் ஆர்-12 விஷவாயுவாக மாறும், அதனால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. இந்த வேலை முழுக்கக் கண்ணாடியும் கையுறையும் போட்டிருங்கள். 134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில், திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்துவிடும்.

கழற்றிக் கழுவுவது

கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து, முன்னாலிருக்கும் தட்டைக் கையால் சுற்றிச் சுற்றிப் பழைய எண்ணெயை ஒரு அளவுக் கிண்ணத்தில் வடியுங்கள். கண்டென்சர், கூலிங் காயில், பைப் ஆகியவற்றை ஏசி ஃப்ளஷ் திரவம் விட்டுக் கழுவி, நைட்ரஜனால் ஊதிக் காயவையுங்கள். கம்ப்ரசரையும், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் இப்படிக் கழுவக் கூடாது. வடித்த எண்ணெயில் வெள்ளித்தூள் மாதிரி மினுமினுத்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதையே திரும்ப மாட்டிச் செலவை இரட்டிப்பாக்காதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டியவை

கேஸிலுள்ள ஈரத்தை வடிகட்டும் டிரையர் கட்டாயம் புதிது. பழைய டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் 134ஏவுக்கு ஒத்துவராது. புதியதன் மூடியைக் கடைசி நிமிடம் வரை திறக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும். கழற்றிய ஒவ்வொரு மூட்டுக்கும் புதிய எச்.என்.பி.ஆர் (134ஏவுக்கு ஏற்ற செயற்கை ரப்பர்) ஓ-ரிங் போட்டு, எண்ணெய் தடவி மாட்டுங்கள். விறைத்து வெடித்திருக்கும் ரப்பர் ஹோஸை விட்டுவைக்காதீர்கள். 134ஏவின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் வழியாகவே கசியும். அழுத்தம் எகிறினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஹை பிரஷர் கட்-ஆஃப் சுவிட்ச் இல்லாத வண்டியில் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

134ஏவுக்கான எண்ணெயில் பி.ஏ.ஜி, எஸ்டர் என்று இரண்டு வகை உண்டு. மாற்றும் வண்டிக்கு என் வோட்டு எஸ்டருக்கு. மிச்சம் மீதி மினரல் ஆயில் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கம்ப்ரசருக்குக் குறிப்பிட்டுள்ள அளவு மட்டும் ஊற்றுங்கள்.

செலவு செய்ய மனமிருந்தால் கண்டென்சரில் செய்யுங்கள். 134ஏ ஹை சைடில் (கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் அழுத்தம் கூடிய பக்கம்) ஆர்-12ஐவிட அதிக அழுத்தத்தில் ஓடும். மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பழைய கண்டென்சர் திணறும். பேரலல் ஃப்ளோ கண்டென்சரும் (பல சிறு குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் ஓடுவது) முன்னால் ஒரு தனி ஃபேனும் இருந்தால் குளிர்ச்சி நன்றாகவே நிற்கும்.

கசிவும் வேக்குவமும்

மூட்டுகளை இறுக்கி, நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பஞ்சர் கடைக் காற்றும் ஆக்ஸிஜனும் வேண்டவே வேண்டாம். கசிவு இல்லையென்றால் நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பைக் குறைந்தது 45 நிமிடம் ஓட்டுங்கள். அழுத்தம் காட்டும் கேஜ், வேக்குவத்தில் 29 அங்குலத்தை (பாதரச அளவில்) நெருங்க வேண்டும். அந்த நிலையில்தான் உள்ளிருக்கும் ஈரம் நம்மூர் வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள். முள் நகர்ந்தால் கேஸ் டின்னைத் தொடாதீர்கள், முதலில் கசிவைத் தேடுங்கள்.

கேஸ் ஏற்றுவது

பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும். ஸ்டிக்கரில் 700 கிராம் என்றால் 560இல் தொடங்கி 630க்குள் நிறுத்துங்கள். டின்னைத் தராசில் வைத்தே ஏற்றுங்கள். கம்ப்ரசரைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, எஞ்சினை ஓட்டி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, டின்னை நிமிர்த்திப் பிடித்து லோ சைடு (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் அழுத்தம் குறைந்த பக்கம்) வழியாக மட்டும் விடுங்கள். எஞ்சின் ஓடும்போது கேஜில் ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து வெடிக்கும்.

35 டிகிரி வெயிலில் லோ சைடு 30–40, ஹை சைடு 200–250 பி.எஸ்.ஐ வந்தால் சரி. 300ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ஃபேனையும் கேஸ் அளவையும் பாருங்கள். டிரையர் மேலுள்ள சிறு கண்ணாடியில் குமிழ் தெரிகிறதே என்று இன்னும் ஏற்றாதீர்கள். ஆர்-12க்குச் சரியான அந்தப் பழக்கம் 134ஏவில் அளவு மீற வைக்கும்.

மலிவு என்று எல்.பி.ஜி கலவை போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கூலிங் காயில் இருப்பது உங்கள் காலருகே. அது கசிந்தால் ஒரு பொறி போதும்.

கடைசியாகப் பழைய வாய்களில் 134ஏ அடாப்டரைத் திருகி, கேஸ் வகை, எடை, எண்ணெய், தேதி எழுதிய ஸ்டிக்கரை பானட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். அடுத்து கைவைக்கும் மெக்கானிக் எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.