அப்பாவின் பிரஷரும் அதிமதுரப் பொடியும்

அப்பாவுக்கு 74 வயது. பிரஷர் மாத்திரை ஒருநாளும் தவறாது. ஆனாலும் 170/100-க்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தும் அசையவில்லை. "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா ஐயா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லைங்க" என்றார். பொய் சொல்லவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கு அது மருந்து.

அன்று மாலை அலமாரி, சட்டைப்பை, தலையணை ஓரம் எல்லாம் துழாவி, கிடைத்ததைப் பழைய வேட்டியில் பரப்பினேன். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபினாக், பாதி தீர்ந்த அட்டை. வயிற்று உப்புசத்துக்கு நுரை பொங்கும் பொடி. அப்புறம் நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் ஒன்று. பிரித்ததும் இனிப்பு வாசம். அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கென்று ஆரம்பித்து, நாலு மாதமாகத் தினம் இரண்டு வேளை தேனில் குழைத்து!

அத்தனையையும் மஞ்சப்பையில் கொண்டுபோய் டாக்டர் மேசையில் கொட்டினேன். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும் என்றார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 தான், 3.5-ஆவது இருக்க வேண்டுமாம். அந்த வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும், நுரைப் பொடியில் இருக்கும் சோடியமும் அப்படித்தான். மூன்றையும் நிறுத்தி, வலிக்குப் பாராசிட்டமால் அளவு குறித்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் 138/84.

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. இப்போது எது வாங்கினாலும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறார். போன வாரம் "அமுக்கரா வாங்கலாமா?" என்று இருந்தது. கேள்விக்குறி போட்டிருக்கிறாரே, அதுவே எனக்குப் போதும்.