ஊர்ல நிக்கிற வண்டி, டேங்க்ல பழைய பெட்ரோல்: கிக்கர மிதிக்கிறதுக்கு முன்னாடி

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர எடுத்து ஒரு ரவுண்டு போலாம்னு மேல கெடந்த படுதாவ உருவினேன், 14 மாசமா திண்ணையோரம் அப்படியே நின்ன வண்டி. சோக்க இழுத்துட்டு ஒரு நாப்பது தடவ மிதிச்சிருப்பேன், முட்டி வலிச்சதுதான் மிச்சம். தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து டேங்க் மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டு "இத மொதல்ல பண்ணிருக்கலாம்ல தம்பி"ன்னாரு. பழைய வார்னிஷ் டப்பாவத் தொறந்த மாதிரி புளிச்ச வாடை. பெட்ரோலயும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்பரேட்டரோட அடிக் கிண்ணத்தக் கழட்டுனா கருப்பட்டிப் பாகு காஞ்ச மாதிரி பழுப்பா படிஞ்சிருக்கு, ஸ்டார்ட் ஆகுறப்ப பெட்ரோல் போற சின்னத் துளை, பைலட் ஜெட்னு சொல்வாங்க, அதோட ஓட்டை தலைமுடி நொழையிற அளவுதான் இருக்கும், அது சுத்தமா அடைச்சுப் போச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பெட்ரோல் ஒரே பொருள் கெடையாது, பல சமாச்சாரம் சேந்த கலவை. அதுல லேசானதெல்லாம் மொதல்ல ஆவியாப் போயிடும், குளிர்ந்த எஞ்சின் டக்குன்னு புடிக்கிறதே அந்த லேசான சமாச்சாரத்தாலதான். மிச்சம் இருக்குறது காத்து பட்டுப் பட்டு பிசினாகும். இது போக இப்ப பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, 2030க்குன்னு வெச்ச இலக்க 2025லயே எட்டிட்டாங்க, அதாவது லிட்டருக்கு 200 மில்லி. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், தண்ணி ஒரு அளவுக்கு மேல போனா ரெண்டும் சேந்து பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்துக்கும். இரும்பு டேங்க்னா அங்கதான் துரு ஆரம்பிக்கும்.

அதனால வண்டிய விட்டுட்டுக் கெளம்பும்போது எவ்ளோ நாளுன்னு கணக்குப் போடுங்க. ஒரு மாசம்னா டேங்க் அடியில இருக்குற பெட்ரோல் டேப்ப ஆஃப்ல போட்டாப் போதும். ரெண்டு மூணு மாசம்னா டேங்க்க ரொப்பிடுங்க, அரை டேங்க்தான் இருக்கறதுலயே மோசம், ஏன்னா உள்ள காலி எடம் இருக்க இருக்க ஈரக்காத்து பூந்து ராத்திரியில முத்து முத்தா கோக்கும். பெட்ரோல் சீக்கிரம் கெடாம இருக்க ஊத்துற ஃப்யூவல் ஸ்டெபிலைசர் ஆன்லைன்ல கெடைக்கும், பாட்டில்ல போட்டிருக்குற அளவப் பாத்து புது பெட்ரோலோட ஊத்திட்டு பத்து நிமிஷம் வண்டிய ஓட்டுங்க, அப்பதான் அது கார்பரேட்டர் வரைக்கும் போகும். ஏற்கனவே கெட்டுப்போன பெட்ரோல்ல ஊத்திப் பிரயோஜனம் இல்ல. ஆறு மாசத்துக்கு மேலன்னா நான் டேங்க்க மொத்தமா காலி பண்ணிட்டு உள்ள கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஆட்டி வெச்சுடுவேன், திரும்ப வந்து அந்த ஆயில வடிச்சிட்டு புது பெட்ரோல் ஊத்திக்கிறது.

எதப் பண்ணலைன்னாலும் இத மட்டும் பண்ணுங்க: டேப்ப ஆஃப் பண்ணிட்டு எஞ்சின ஓட விடுங்க, அதுவா இருமி நின்னதும் கார்பரேட்டர் அடியில இருக்குற வடிகால் ஸ்க்ரூவ ரெண்டு சுத்து லூஸ் பண்ணி மிச்சத்தையும் எறக்கிடுங்க. அரை டீ கிளாஸ் கூட வராது, ஆனா எனக்கு சோலி பாத்தது அந்தத் துளிதான். இதெல்லாம் கார்பரேட்டர் வண்டிக்கு. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பைக்கு, காருன்னா டேங்க்க காய விடாதீங்க, உள்ள இருக்குற பம்ப்பு பெட்ரோல்ல முங்கி இருந்துதான் சூடு தணியும், ரொப்பி வெக்கிறதுதான் நல்லது.

அப்புறம் சில்லறை வேலை. பேட்டரி மைனஸ் வயர மொதல்ல கழட்டணும், டயர்ல காத்து ஃபுல்லா, வண்டி டபுள் ஸ்டாண்டுல. ஸ்பார்க் பிளக்கக் கழட்டி அந்த ஓட்டையில ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மெதுவா நாலு மிதி. சைலன்சர் வாயில துணி அடைங்க, எலியும் குளவியும் வாடகை இல்லாம குடியேறும், ஆனா ஹேண்டில்ல ஒரு செவப்புத் துணி கட்டி வெச்சாத்தான் அதத் திரும்ப எடுக்க ஞாபகம் வரும். பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சாவியக் குடுத்து "வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெய்யி தம்பி"ன்னு சொல்றது நம்ம ஊரு வழக்கம், அதுல நஷ்டம்தான், சைலன்சருக்குள்ள தண்ணி கோத்து அரிக்கும், பேட்டரியும் ஏறாது. லைசென்ஸ் உள்ள பையன்னா இருபது நிமிஷம் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னும் பாத்துக்கோங்க.

சரி, ஏற்கனவே மாசக்கணக்குல நின்ன வண்டின்னா? கிக்கரத் தொடாதீங்க. டேப்லேந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு, பக்கத்துல புது பெட்ரோல் ஒரு பாட்டில் வெச்சு, வெளிச்சத்துல பாருங்க. பழுப்பா இருந்தா, கலங்கியிருந்தா, அடியில தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சா மொத்தத்தையும் எறக்கணும். டியூப வாயில வெச்சு உறிஞ்சுற பழக்கம் வேணவே வேணாம், ஒரு மொடக்கு நுரையீரலுக்குப் போனா ஆஸ்பத்திரிதான். டேப்ல மாட்டியிருக்குற டியூபக் கழட்டி கேன்ல விட்டா தானா எறங்கும். திறந்தவெளியில பண்ணுங்க, பெட்ரோல் ஆவி தரையோட தரையா ஊர்ந்து போகும், ரெண்டு வீடு தள்ளி அடுப்பு எரிஞ்சாலும் யோசிங்க.

எறக்குனதுல நெறம் மாறாம லேசா பழசானதுன்னா வேற வண்டியோட ஃபுல் டேங்க்ல பத்துக்கு ஒண்ணுன்னு கலந்து ஓட்டிடலாம். கெட்டதுன்னா எந்த வண்டியிலயும் ஊத்தாதீங்க, சாக்கடையிலயும் வேணாம், குப்பை கொளுத்தவும் வேணாம், குப்புன்னு புடிச்சா புருவம் போயிடும். எங்க ஊரு பட்டறையில செயின் கழுவ வாங்கிக்கிட்டாங்க.

கார்பரேட்டரக் கழுவி, புது பெட்ரோல் ரெண்டு லிட்டர் ஊத்தி, சாவி போடாம அஞ்சாறு மிதி, அப்புறம் சோக் போட்டு மிதிங்க. மொதல்ல வெள்ளப் பொகையா தள்ளும், பிளக் ஓட்டையில விட்ட ஆயில்தான் அது, ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். கியர் போடுறதுக்கு முன்னாடி பிரேக் புடிக்குதான்னு ரெண்டு தடவ அழுத்திப் பாருங்க, ரொம்ப நாள் நின்னதுல கிளட்ச் பிளேட்டும் ஒட்டியிருக்கும், எஞ்சின ஆஃப் பண்ணி கிளட்சப் புடிச்சுக்கிட்டு கியர்ல போட்டு வண்டிய முன்ன பின்ன ஆட்டுனா விட்டுடும்.