பாதுகாப்புத் தரவு அமைப்புகளுக்கு மூத்த பொறியாளரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையப் பாதுகாப்புத் தரவைக் கையாளும் அமைப்புகளுக்கு மூத்த மென்பொருள் பொறியாளரைத் தேடும்போது, முதல் தவறு வேலை விளம்பரத்திலேயே தொடங்கிவிடுகிறது. காஃப்கா, ஸ்பார்க், எலாஸ்டிக்சர்ச் என்று கருவிகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, அதே பெயர்கள் விண்ணப்பத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். புதிய கருவியை அனுபவமுள்ளவர் விரைவில் பழகிக்கொள்வார். ஆனால் தரவு தாமதமாகவும், இரட்டித்தும், சிதைந்தும் வரும் என்று எதிர்பார்த்து வடிவமைக்கும் பழக்கம் பல ஆண்டு உழைப்பில்தான் படியும்.

பைனரி மரம் போன்ற பாடப்புத்தக நிரல் புதிர்களில் நேர்காணல் நேரத்தைச் செலவிடுவதைவிட ஒரு கணக்கைக் கொடுக்கலாம். நொடிக்கு 1 லட்சம் லாக் பதிவுகள் (கணினிகள் தம்மில் நடப்பதைக் குறித்துவைக்கும் வரிகள்), ஒவ்வொன்றும் 1 கிலோபைட் என்றால் நாளொன்றுக்கு 8.64 டெராபைட் சேரும். இந்தியாவில் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அதாவது சுமார் 1,555 டெராபைட். அதே உத்தரவு பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. எதை உடனே தேடும்படி வைப்பது, எதை மலிவான சேமிப்புக்கு மாற்றுவது, அங்கிருந்து மீட்க எவ்வளவு நேரமாகும் என்று விண்ணப்பதாரரே கேட்கத் தொடங்கினால், சரியான ஆளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேர்காணலில் நான் தவறாமல் காட்டுவது இரண்டே இரண்டு லாக் வரிகள். பழைய சர்வர் ஒன்று, உள்நுழைவு 10.05க்கு நடந்ததாக இந்திய நேரத்தில் எழுதியிருக்கிறது. கோப்புகள் வெளியேறியது 04.50க்கு என்று, வலையமைப்பைக் காவல் காக்கும் ஃபயர்வால் யுடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) எழுதியிருக்கிறது. உண்மையில் அது நம் நேரப்படி 10.20. மாற்றாமல் ஒரே அட்டவணையில் சேர்த்தால், திருடன் நுழைவதற்கு முன்பே பொருள் களவு போயிருக்கும். இதைக் கவனிக்காதவரை, மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும், இந்தப் பணிக்கு எடுக்கத் தயங்குவேன்.

மென்பொருள் மாற்றங்களை எப்படி வெளியிடுவார் என்று கேட்காமல் விடுவதும் பெரிய தவறு. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்புக் கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் பாதித்தது. 21 உள்ளீட்டுப் புலங்களை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டுமே வந்ததுதான் அடிப்படைக் காரணம். அந்தக் கோப்பு சிறு பகுதிக்கு முதலில் போய், பிறகு படிப்படியாகப் பரவியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். இதை வைத்தே, "நீங்கள் இருந்திருந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்தியிருப்பீர்கள்?" என்று கேட்கலாம்.

கடைசியாக, இரவுப் பணியில் எச்சரிக்கைகளைப் பார்க்கும் பகுப்பாய்வாளரை நேர்காணல் குழுவில் சேர்க்காமல் விடாதீர்கள். "ஒரு சர்வரிலிருந்து நேற்றிரவு முதல் லாக்கே வரவில்லை என்றால், அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர்தான் கேட்பார்.